செல் சாகும் முன்பே அறுந்துபோகும் இணைப்பு... மூளையில் பிரியான் செய்யும் வேலை!

ஏற்கெனவே பார்த்த பொருள் ஒன்று, புதுப் பொருள் ஒன்று. இரண்டையும் சுண்டெலி முன்னால் வைத்தால் அது புதியதைத்தான் அதிக நேரம் மோந்து பார்க்கும். பிரியான் நோய் தொற்றிய சுண்டெலிகளோ சில வாரங்களில் இரண்டையும் ஒரேமாதிரி மோந்து பார்த்தன. பழையது மறந்துபோயிருந்தது! இத்தனைக்கும் அப்போது மூளையின் நரம்பு செல்கள் சாகவே தொடங்கவில்லை. பிரிட்டன் விஞ்ஞானி ஜியோவானா மல்லூச்சியின் குழு 2007-ல் வெளியிட்ட ஆய்வு இது.

பிரியான், கிருமி அல்ல, வெறும் புரதம். நம் எல்லோருடைய நரம்பு செல்களிலும் இருக்கும் ஒரு சாதாரணப் புரதம் தப்பாக மடிந்துவிட்டால், பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப்போலவே மடித்துவிடும். மனிதர்களுக்கு வரும் சி.ஜே.டி இந்த ரகம். ஆண்டுக்கு 10 லட்சம் பேரில் ஓரிருவருக்கே வருகிறது. வந்தால் பெரும்பாலானோர் ஒரு வருடத்துக்குள் இறந்துவிடுகிறார்கள். (தொட்டால் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயம் வேண்டாம்.)

நரம்பு செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும் இடம்தான் சினாப்ஸ். அங்கே புரதங்கள் தீரத் தீர, செல் புதிதாகத் தயாரித்து அனுப்ப வேண்டும். தப்பாக மடிந்த புரதம் குவிந்ததும் செல் உஷாராகி, புரத உற்பத்திக்கே ஷட்டரை இழுத்துவிடுகிறது. கொஞ்ச நேரம் மூடினால் செல்லுக்கு நல்லதுதான். ஆனால், பிரியான் குவிவது நிற்பதே இல்லையே... ஷட்டரும் திறப்பதில்லை. சரக்கு வராத சினாப்ஸ் முதலில் செயலிழக்கிறது. செல் சாவது அதற்குப் பிறகுதான். இதே குழு 2012-ல் சுண்டெலிகளில் இதைக் கண்டறிந்தது.

அந்த இடைவெளியில்தான் நம்பிக்கையே இருக்கிறது. 2007 ஆய்வில், மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளின் நரம்பு செல்களில் அந்தப் புரதம் உருவாவதை நிறுத்தியதும் ஞாபகம் திரும்பியது. பழைய பொருளை மறுபடி அடையாளம் கண்டுகொண்டன! 2013-ல் ஷட்டரைத் திறக்கும் மருந்து ஒன்றும் சுண்டெலிகளின் மூளையைக் காப்பாற்றியது. ஆனால், கணையம் பாதிக்கப்பட்டு எடை குறைந்ததால், அதை அப்படியே மனிதர்களுக்குக் கொடுக்க முடியாது.

மனிதர்களில் இன்னொரு சிக்கல், நோய் தெரியவரும்போதே காலம் கடந்திருப்பது. அமெரிக்காவின் சோனியா வல்லப்புக்கு இது சொந்தக் கதை. 2010-ல் அவருடைய அம்மா பிரியான் நோயால் இறந்தார். அதே மரபணுக் கோளாறு தனக்கும் இருப்பது அடுத்த ஆண்டு பரிசோதனையில் தெரிந்தது. சட்டம் படித்தவர், அந்தத் துறையையே விட்டுவிட்டு, கணவர் எரிக் மினிக்கலுடன் பிரியான் ஆராய்ச்சியில் இறங்கிவிட்டார். இருவரும் தேடுவது, முதல் இணைப்பு அறுபடும் முன்பே அந்தப் புரதத்தைக் குறைக்கும் மருந்தை.