மொபைல் ஆப் பண்ணப் போறீங்களா? லோன் போடறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் பாருங்க

சைடு இன்கம் வீடியோ போட்டதுலிருந்து கமெண்ட்ல அதிகமா வர்ற கேள்வி, "ஆப் டெவலப்மென்ட் கத்துக்கிட்டா மாசம் எவ்வளவு வரும்?" அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: ஆரம்பிக்க எவ்வளவு ஆகும்?

என் சித்தி பையன் ராசிபுரத்துக்காரன். சேலத்துல ஒரு ஆபீஸ்ல வேலை, கைக்கு வர்ற சம்பளம் 24,000 ரூபாய். போன வருஷம் ஒருநாள் போன் பண்ணி, "அண்ணா, ஒன்றரை லட்சம் பெர்சனல் லோன் போடறேன்"னான். ஆப் கோர்ஸுக்கு 60,000, மேக்புக்குக்கு 90,000. வட்டி 15 சதவீதம், 24 மாசம். கணக்குப் போட்டா இ.எம்.ஐ. சுமார் 7,270 ரூபாய். சம்பளத்துல 30 சதவீதம் போயிடும். வட்டி மட்டுமே 24,500 ரூபாய்க்கு மேல.

அவன் பண்ண நினைச்ச ஆப் நல்ல ஐடியாதான். நாமக்கல் பக்கம் லாரி வச்சிருக்கறவங்களுக்கு டிரிப் கணக்கு: டீசல், டோல், டிரைவர் படி, வாடகை பாக்கி. அவங்க அப்பாவே டைரில எழுதற கணக்கு அது. "சரி, லோனை ஒரு வாரம் தள்ளி வை. எதெது ஃப்ரீன்னு பார்ப்போம்"னேன்.

எழுதற டூல்: செலவு 0

கூகுளோட ஆண்ட்ராய்டு ஸ்டுடியோ முழுக்க இலவசம். 2014 டிசம்பர்ல முதல் முழுப் பதிப்பு வந்துச்சு. ஒரே கோடுல ஆண்ட்ராய்டு, ஐபோன் ரெண்டுக்கும் ஆப் பண்ணணும்னா ஃப்ளட்டர், அதுவும் இலவசம். கோடிங்கே தெரியாதுன்னா எம்.ஐ.டி. ஆப் இன்வென்டர்ல கட்டங்களை இழுத்து வச்சு, பிரவுசர்லயே சின்ன ஆப் பண்ணிப் பார்க்கலாம்.

ஐபோன் ஆப்புக்கு எக்ஸ்கோடு வேணும். அது இலவசம்தான், ஆனா மேக்ல மட்டும்தான் ஓடும். ஆப் ஸ்டோர்ல வெளியிட வருஷத்துக்கு 99 டாலர் கட்டணும். அவன்கிட்ட ஒரே கேள்வி கேட்டேன்: "உனக்குத் தெரிஞ்ச லாரிக்காரங்கள்ல எத்தனை பேர் ஐபோன் வச்சிருக்காங்க?" சிரிச்சுட்டான். மேக்புக் லிஸ்ட்லிருந்து போச்சு.

டெஸ்ட் பண்ற டூல்: வீட்டுல கிடக்கற பழைய போன்

ஆண்ட்ராய்டு ஸ்டுடியோவுக்குள்ள எமுலேட்டர்னு ஒண்ணு இருக்கு. கம்ப்யூட்டர் திரையிலயே ஒரு போன் மாதிரி ஓடும். ஆனா 8 ஜிபி ரேம் லேப்டாப்ல அது திணறும், 16 ஜிபி இருந்தாத்தான் வசதி. இதுக்காகப் புது லேப்டாப் வாங்காதீங்க. ஒரு பழைய போன்ல செட்டிங்ஸ் போய் பில்டு நம்பரை ஏழு தடவை தட்டுங்க. டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும். அதுல யு.எஸ்.பி. டீபக்கிங் ஆன் பண்ணி கேபிளைச் சொருகினா, உங்க ஆப் நேரா அந்தப் போன்ல ஓடும். பேங்க் ஆப் இருக்கற மெயின் போன்ல இதைப் பண்ண வேண்டாம்.

வேற மாடல் போன்கள்ல எப்படி ஓடுதுன்னு பார்க்க ஃபயர்பேஸ் டெஸ்ட் லேப் இருக்கு. இலவச பிளான்லயே ஒரு நாளைக்கு நிஜ போன்ல 5 டெஸ்ட், விர்ச்சுவல் போன்ல 10 டெஸ்ட் ஓட்டலாம். ஒரு எச்சரிக்கை: ஃபயர்பேஸ்ல பிளேஸ் பிளானுக்கு மாறி கார்டு கொடுத்தா, உபயோகத்துக்கு ஏத்த மாதிரி பில் வரும். பட்ஜெட் அலர்ட் வச்சா மெயில் வரும், அவ்வளவுதான். பில் ஏறறதை அது நிறுத்தாது.

கண்டிப்பா ஆகற செலவு

பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே தடவை 25 டாலர். டாலர் 85 ரூபாய்னு வச்சுக்கிட்டா 2,125 ரூபாய். 2023 நவம்பர் 13-க்கு அப்புறம் தொடங்கின தனிநபர் கணக்குன்னா, வெளியிடறதுக்கு முன்னாடி 12 பேர் தொடர்ந்து 14 நாள் டெஸ்டரா இருக்கணும். முதல்ல 20 பேர்னு இருந்துச்சு, 2024 டிசம்பர்ல குறைச்சாங்க. "டெஸ்டர் தர்றோம், காசு குடுங்க"னு ஆளுங்க வருவாங்க. குடுக்காதீங்க.

இவன் அப்பாவோட லாரி சிநேகிதங்க 12 பேரைப் பிடிச்சான். மூணாவது நாளே ஒரு டிரைவர் மாமா போன் பண்ணி, "தம்பி, நெட் இல்லாத எடத்துல படி போட்டேன், காணோமே!"ன்னார். வீட்டு வைஃபைல டெஸ்ட் பண்ணவனுக்கு அது தெரியவே இல்ல. காசு குடுத்துப் பிடிச்ச டெஸ்டர் இதைச் சொல்லியிருப்பாரா?

இப்போ கணக்கு

வருமானம் வருஷத்துக்கு 10 லட்சம் டாலர் தாண்டற வரைக்கும் கூகுள் கமிஷன் 15 சதவீதம் (2021 ஜூலைல வந்த திட்டம், நாமதான் சேரணும்). வரியை விட்டுட்டுப் பார்த்தா, 100 ரூபாய்க்கு வித்தா கைக்கு 85. லோன் போட்டிருந்தா இ.எம்.ஐ. கட்டவே மாசாமாசம் 86 பேர் காசு கட்டணும். லோன் இல்லேன்னா மொத்தமா 25 பேர் ஒரே தடவை கட்டினா போட்ட காசு வந்துடும்.

இன்னும் ரெண்டு விஷயம். உங்க அப்பாயின்ட்மென்ட் ஆர்டர்ல வெளி வேலை பத்தி என்ன எழுதியிருக்குன்னு படிங்க. 2022-ல போட்டி கம்பெனிக்கும் வேலை பார்த்ததா 300 பேரை விப்ரோ நீக்குச்சு. அடுத்தது, ஆப் மூலமா தொழில் வருமானம் வந்தா ஐ.டி.ஆர்.-1 போட முடியாது, வேற ஃபார்ம்தான்.

தம்பி ஆப் இப்போ பிளே ஸ்டோர்ல இருக்கு. இன்னும் ஒரு ரூபாய் வரல. அவன் அதுக்குக் கவலைப்படல, ஏன்னா அஞ்சாம் தேதி அவன் அக்கவுன்ட்லிருந்து எந்த இ.எம்.ஐ.யும் போறதில்ல. டிரைவர் மாமா சொன்ன பிரச்சனையைச் சரி பண்ணிட்டான், அடுத்து டயர் கணக்கு சேர்க்கறான்.

நீங்க என்ன ஆப் பண்ணப் போறீங்க, இதுவரைக்கும் எவ்வளவு செலவாச்சு? கமெண்ட்ல சொல்லுங்க. அடுத்த வீடியோல பார்ப்போம்!