பகுப்பு நுணுகுங்கால் கருத்துப்பின்னல்

ஒருசார் பொருள்களையும் அவற்றிற்குப் பொதுவான பண்புகளையும் ஒவ்வொரு முடிச்சாக்கி, மேல்கீழாகக் கோத்துக் காட்டுவது கருத்துப்பின்னல். 1982இல் செருமானியக் கணித அறிஞர் ருடால்ஃப் வில்லே இதனை வகுத்தார்.

தொல்காப்பியப் பொழுதுகளை இதில் இட்டுக் காண்போம். முல்லைக்குக் காரும் மாலையும், குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் முன்பனியும், பாலைக்கு வேனிலும் நண்பகலும் பின்பனியும் உரியன. இருபனியையும் 'பனி' என ஒன்றாக்கின், உச்சியும் அடியும் உட்பட ஆறு முடிச்சுகள் அமையும். அவற்றுள் ஒன்று குறிஞ்சியையும் பாலையையும் பிணைப்பது. பனியைப் பகுத்தவளவில் அஃது அற்றுப்போம். புணர்தற்கும் பிரிதற்கும் அதனால் உறவு கண்டார் உளராயின், அவர் கண்டது நூலின் உறவன்று. தம் அட்டவணையின் உறவே.

இம் மாற்றத்திற்காகப் பின்னல் முழுவதையும் மீளக் கட்டுதல் வேண்டா. பனியைத் தாங்கிய அவ்விணைமுடிச்சு, குறிஞ்சி, பாலை, அடி ஆகிய நான்கையே ஆராய்தல் அமையும். உச்சியும் முல்லையும் முன்போலவே நிற்கும். பகுத்தவற்றைத் தொகுக்கும்போதோ புதுமுடிச்சுப் பிறக்குமாதலின், முன்பனித் திணைகளையும் பின்பனித் திணைகளையும் கூட்டிப் பார்த்தலும் வேண்டும்.