மழை வேண்டியவரும் புண் கழுவியவரும்

மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, கலேவெலப் பக்கத்தில் வஹாகோட்டை என்ற ஊர் இருக்கிறது. கண்டி அரசின் காலத்தில் அங்கே குடியமர்ந்த போர்த்துக்கேயரின் வழிவந்தவர்கள் வாழும் பழைய கத்தோலிக்க ஊர் அது. ஜூன் 13 அந்தோனியார் திருநாளையொட்டி அங்கு போகிறவர்கள் மெழுகுதிரியோடு தங்கள் நோயையும் கொண்டு போகிறார்கள். பிள்ளைக்கு வலிப்பு, தாய்க்குப் புற்றுநோய், கணவனுக்குக் குடி என்று ஆளுக்கொரு நேர்த்தி. தோட்ட லயங்களில் நடக்கும் ஜெபக்கூட்டங்களிலும் போதகர் எண்ணெய் பூசித் தலையில் கைவைப்பதற்காகக் காத்திருப்பவர்களே முன்வரிசையில் இருப்பார்கள். மாத்தளை நகரின் முத்துமாரியம்மனிடம் அம்மை கண்ட வீட்டார் வேண்டிக்கொள்வதும் இதே தவிப்பினால்தான். துன்பம் தீரவேண்டும் என்ற ஏக்கத்துக்கு மத எல்லை கிடையாது. ஆனால் கிறிஸ்தவம் நோயாளிக்கு உண்மையில் எதை வாக்களிக்கிறது என்ற கேள்விக்குத் தெளிவான விடை வேண்டும். ஒவ்வொரு நோயும் நீங்கிவிடும் என்று அது உறுதி கூறவில்லை. எந்த நோயாளியும் கடவுளாலும் சபையாலும் கைவிடப்படக்கூடாது என்பதே அதன் மையம். குணமாதல் அந்த உறவுக்குள் கிடைக்கும் வரம். அது கிடைக்காதபோதும் அந்த உறவு முறிவதில்லை.

இதற்குச் சான்று தேடித் தொலைதூரம் போகவேண்டியதில்லை. கோவாவில் 1651இல் பிறந்த யோசேப் வாஸ் அடிகளார், ஒல்லாந்தர் கத்தோலிக்கக் குருக்களைத் தடைசெய்திருந்த காலத்தில், 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்தார். 1692இல் கண்டிக்குப் போனபோது போர்த்துக்கேய ஒற்றன் என்ற சந்தேகத்தில் சிறைவைக்கப்பட்டார். பின்னர் இரண்டு நிகழ்ச்சிகள் அவருடைய வாழ்வைத் திருப்பின. 1696இல் கடும் வறட்சி. மன்னன் இரண்டாம் விமலதர்மசூரியன் கேட்டுக்கொள்ள, அடிகளார் பொதுவெளியில் பீடம் அமைத்து, சிலுவையை நாட்டி மன்றாடினார் என்றும் மழை கொட்டியது என்றும் மரபு சொல்கிறது. அதன்பின் மன்னனின் ஆதரவும், மறையுரை செய்யும் சுதந்திரமும் அவருக்குக் கிடைத்தன. அடுத்த ஆண்டு, 1697இல், கண்டியில் பெரியம்மை பரவியது. தடுப்பூசி கண்டுபிடிக்கப்படுவதற்கு ஒரு நூற்றாண்டு முந்திய காலம் அது. வசதி படைத்தவர்கள் நகரைவிட்டு விலகினார்கள். தொட்டால் தொற்றும் என்ற பயத்தில் பெற்ற பிள்ளையையே காட்டோரம் விட்டுவிட்டு ஓடியவர்களும் உண்டு. அடிகளாரும் அவருடைய மருமகனான குருவும் நகரை விட்டுப் போகவில்லை. நோயாளிகளுக்குக் குடில் போட்டார்கள், கைவிடப்பட்ட வீடுகளை ஆஸ்பத்திரி ஆக்கினார்கள், உணவூட்டினார்கள், சீழ் வடியும் புண்களைக் கழுவினார்கள், இறந்தவர்களை அடக்கம் செய்தார்கள். யார் எந்த மதம் என்று பார்க்கவில்லை.

மழையைப் பற்றிய கதை பக்தர்களின் மனதில் எளிதில் ஒட்டிக்கொள்கிறது. அம்மைக்காலத்துச் சேவையே அதைவிட ஆழமான சாட்சி என்பது என் வாதம். வறட்சியின்போது வேண்டுதலுக்குப் பின் மழை வந்தது. கொள்ளைநோயின்போது வேண்டுதல் நோயை ஒரே நாளில் நிறுத்திவிடவில்லை. மழைக்கு மன்றாடிய அதே மனிதர் அப்போதும் மன்றாடியிருப்பார், நோயாளிகளோ மடிந்துகொண்டே இருந்தார்கள். அற்புதம் வரவில்லையே என்று அவர் சோர்ந்து விலகவுமில்லை, விசுவாசம் இல்லாததால்தான் சாகிறீர்கள் என்று யாரையும் கடிந்துகொள்ளவுமில்லை. தண்ணீரும் துணியும் கஞ்சியும் எடுத்துக்கொண்டு அருகில் போனார். திருச்சபையும் இதை எடைபோட்டதாகவே தோன்றுகிறது. 1995இல் இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் கொழும்பில் அவரை அருளாளராக அறிவித்தார். புனிதர் பட்டத்துக்கு வழக்கமாக இன்னுமொரு அற்புதம் நிரூபிக்கப்படவேண்டும். பாப்பரசர் பிரான்சிஸ் அந்த நிபந்தனையைத் தளர்த்தி, 2015 ஜனவரி 14 அன்று காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக்கினார். அற்புதங்களை மருத்துவர்களைக் கொண்டு கறாராகச் சோதித்துப் பார்க்கும் ஒரு நிறுவனமே, இவருடைய வாழ்வு போதிய சாட்சி என்று கருதியிருக்கிறது.

விவிலியத்தைத் திறந்து பார்த்தாலும் இதே பாதைதான் தெரிகிறது. இயேசு தொழுநோயாளியைக் குணமாக்கியபோது, எவரும் தொடத் துணியாத அந்த உடலைத் தொட்டார். வைத்தியர்களிடம் சொத்தையெல்லாம் செலவழித்துவிட்ட பெண் கூட்டத்துக்குள் ஒளிந்து வந்து அவர் ஆடையைத் தொட்டபோது, அவளை எல்லோர் முன்னிலையிலும் மகளே என்று அழைத்தார். பன்னிரண்டு ஆண்டு நோயோடு, அந்நோயால் வந்த ஒதுக்கமும் அங்கே முடிவுக்கு வந்தது. பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது, அவனும் பாவம் செய்யவில்லை, அவனைப் பெற்றவர்களும் செய்யவில்லை என்று மறுத்தார். பவுல் தன் உடலில் தைத்த முள் நீங்கும்படி மூன்று முறை மன்றாடியும் அது நீங்கவில்லை. அவருடைய தோழன் துரோப்பீமு நோயாளியாகவே மிலேத்துவில் தங்கவேண்டியதாயிற்று. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குப் பவுல் சொன்னது சிறிது திராட்சரசம். அவரோடு கூடப் பயணம் செய்த லூக்கா ஒரு வைத்தியர். திருத்தூதர்களின் காலத்திலேயே ஜெபமும் மருந்தும் குணமாகாத நோயும் ஒரே சபைக்குள் சேர்ந்து இருந்திருக்கின்றன.

இங்கே ஒரு மறுப்பு எழும். இப்படிச் சொல்வது விசுவாசத்தின் கூர்மையை மழுக்கிவிடாதா? இயேசு உண்மையாகவே உடல்களைக் குணமாக்கினாரே, இன்றும் எத்தனையோ பேர் சாட்சி சொல்கிறார்களே? அந்தச் சாட்சிகளை நான் தள்ளவில்லை. ஜெபத்துக்குப் பிறகு சுகம் கண்டவர் நன்றி சொல்வது நியாயம். ஆனால் பிழை வேறோர் இடத்தில் நேர்கிறது. சுகமானவர் மேடையில் சாட்சி சொல்கிறார், சுகமாகாதவருக்கு மேடை கிடைப்பதில்லை. உனக்கு விசுவாசம் போதாது, வீட்டில் ஏதோ சாபம் இருக்கிறது என்று அவரிடம் சொல்லும்போது, பிறவிக் குருடனைப் பற்றிச் சீடர்கள் செய்த தவறு திரும்பச் செய்யப்படுகிறது. வலிப்புள்ள பிள்ளையைப் பேய்பிடித்தது என்று கட்டிவைப்பதும், ஜெபத்தின் பேரில் இன்சுலினையோ வலிப்பு மாத்திரையையோ நிறுத்தச் சொல்வதும் உயிரைக் குடிக்கும் காரியங்கள். இவற்றை ஆன்மிகம் என்று சொல்லிக் கண்டும் காணாமலும் இருக்கக்கூடாது.

எதிர்ப்பக்கத்திலிருந்து இன்னொரு மறுப்பு வரும். பெரியம்மையை ஒழித்தது தடுப்பூசி, 1980இல் உலக சுகாதார நிறுவனம் அதை அறிவித்தது, புண் கழுவுவதற்கு மதம் எதற்கு என்று பகுத்தறிவாளர் கேட்பார். மருத்துவம் செய்ததை மருத்துவத்துக்கே உரியதாக்குவோம், அதில் எனக்குத் தயக்கமில்லை. மதநம்பிக்கை இல்லாமலும் அப்படி அருகில் நிற்பவர்கள் உண்டு. ஆயினும் மருந்தே இல்லாத 1697இல், தொற்றும் என்று தெரிந்தும் ஒரு மனிதர் ஏன் ஓடாமல் நின்றார் என்பதற்கும் விளக்கம் வேண்டும். பசித்தவனிலும் நோயுற்றவனிலும் கிறிஸ்துவையே காண்கிறோம் என்ற மத்தேயு நற்செய்தியின் போதனையை அவர் சொல்லுக்குச் சொல் நம்பினார். அந்த நம்பிக்கையை எடுத்துவிட்டால் அவருடைய வாழ்க்கை புரியாது.

இன்றைய மாத்தளைக்கு இது பழங்கதை அல்ல. வில்கமுவ போன்ற உலர்வலயப் பகுதிகளில், காரணம் இன்னும் முழுதாகப் பிடிபடாத சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டுகிறது. வாரத்துக்கு இரண்டு மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகிறவருக்கு நோய் ஒரு சுமை, போக்குவரத்தும் நாட்கூலி இழப்பும் இன்னொரு சுமை. இலங்கையில் அரசு வைத்தியசாலையில் சிகிச்சை இலவசம்தான், ஆனால் அங்கே போய்ச் சேரும் பஸ் இலவசமில்லை. தோட்டத்தில் கிளினிக் நாளில் கொழுந்து பறிக்கும் கூலியை விட்டுவிட்டு வரமுடியாமல் மாத்திரையைத் தவறவிடும் பெண்களும் இருக்கிறார்கள். சுகமளிக்கும் ஆராதனை நடத்தும் ஒவ்வொரு சபையும், நேர்த்தி செலுத்தும் ஒவ்வொரு பங்கும், ஜெபிக்க வந்த நோயாளியின் அடுத்த கிளினிக் திகதியைக் கேட்டுக் குறித்துக்கொள்ளட்டும். கூடப் போக ஒருவரை அனுப்பட்டும், கூலி இழந்த வீட்டுக்கு அரிசி கொடுக்கட்டும், குணமாகாதவருக்கும் கோவிலில் முன்வரிசையில் இடம் வைக்கட்டும். ஜெபத்தை விடச் சொல்ல எனக்கு எந்தக் காரணமும் இல்லை. ஆனால் ஜெபித்தவர்கள் அடுத்த நாளும் அந்த வீட்டுக்குப் போகிறார்களா என்பதை வைத்தே அந்த ஜெபத்தின் உண்மையை நோயாளி அறிந்துகொள்வார்.