மாட்டு ஏப்பமா, குப்பைமேடா? மீத்தேன்: சந்தேகங்களும் விளக்கங்களும்

'பசு மாட்டால் பூமி சூடாகிறது' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றினாலும் சுற்றியது, வால்பாறைத் தேயிலைத் தோட்ட லயன் வீட்டு ஓரத்தில் ஒற்றை மாடு கட்டிப் பால் ஊற்றுகிறவர்கூட 'நாங்க என்ன தப்புப் பண்ணினோம்?' என்று கேட்கும் நிலை வந்துவிட்டது. பரவலாக எழும் சந்தேகங்கள் சிலவற்றை இங்கே பார்ப்போம்.

மாடுதான் மீத்தேனை உண்டாக்குகிறதா?

மாடு இடம் கொடுக்கிறது, அவ்வளவுதான். உண்டாக்குவது நுண்ணுயிரிகள். ஆர்க்கியா என்னும் இந்தக் கூட்டம் பார்வைக்கு பாக்டீரியா போல இருந்தாலும் வேறு குலம் என்று 1977-இல் அமெரிக்க விஞ்ஞானி கார்ல் ஊஸ் பிரித்துக் காட்டினார். மட்குவதற்கு ஏதாவது பொருள் இருந்து, காற்று மட்டும் இல்லாமல் இருந்தால் போதும், வேலையை ஆரம்பித்துவிடும். மாட்டின் முதல் இரைப்பை, தண்ணீர் நிற்கும் நெல் வயல், நனைந்த எருக்குழி, குப்பைமேட்டின் அடிவயிறு, அணையின் அடிச்சேறு எல்லாமே அதற்கு ஒன்றுதான்.

இன்னொரு தவறான எண்ணத்தையும் திருத்திவிடலாம். மாட்டின் வயிற்று மீத்தேனில் பெரும்பகுதி வெளிவருவது பின்பக்கமாக அல்ல, ஏப்பமாக வாய் வழியே.

கார்பன் டை ஆக்சைடை விட்டுவிட்டு இதை ஏன் பிடித்துக்கொள்கிறார்கள்?

எடைக்கு எடை வைத்துப் பார்த்தால், நூறு ஆண்டுக் கணக்கில் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைப் போல சுமார் 27 மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கிறது. இருபது ஆண்டுக் கணக்கில் சுமார் 80 மடங்கு. ஆனால் காற்றில் அது தங்குவது ஏறத்தாழ 12 ஆண்டுகள்தான். இன்று குறைத்தால் பலனை நம் காலத்திலேயே பார்க்கலாம் என்பதால்தான் இந்த அவசரம். அதற்காகக் கரியையும் பெட்ரோலையும் மறந்துவிடலாம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

காவிரி டெல்டாவில் போராடியது இதே மீத்தேனுக்காகத்தானா?

வாயு ஒன்றுதான், விவகாரம் வேறு. மன்னார்குடி வட்டாரத்தில் நிலத்தடி நிலக்கரிப் படுகையைத் துளைத்து மீத்தேன் எடுக்கும் திட்டத்தைத்தான் விவசாயிகள் எதிர்த்தார்கள். அந்தப் பிரசாரத்தில் இருந்தபோதுதான் 2013 டிசம்பரில் இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் காலமானார். வயலிலும் தொழுவத்திலும் கசிவதைக் குறைப்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காட்டுமாடும் யானையும் விடாதா? அவற்றை யார் கேட்பது?

நியாயமான கேள்வி. தேயிலைக்குள் மேயும் காட்டுமாடு அசைபோடும் பிராணி; அதுவும் ஏப்பம் விடும். யானை அசைபோடாது; அதற்குக் குடலின் பின்பகுதியில்தான் நொதிப்பு நடக்கிறது, மீத்தேனும் அங்கேதான். ஆனால் கணக்கைப் பாருங்கள். 2019 கால்நடைக் கணக்கெடுப்பின்படி நாட்டில் மாடுகள் 19 கோடிக்கு மேல், எருமைகள் சுமார் 11 கோடி. இதற்கு முன் காட்டு விலங்குகள் எம்மாத்திரம்? எஸ்டேட்டுகளுக்கு நடுவே இருக்கும் சதுப்பிலும் மீத்தேன் வரத்தான் செய்யும். அதற்காக அதை வடித்துவிடலாமா என்றால் கூடாது. காட்டு விலங்குகளுக்கு மேய்ச்சலும் தண்ணீரும் அங்கே இருக்கின்றன. தவிர, காற்றோட்டமுள்ள காட்டு மண்ணில் மீத்தேனைத் தின்னும் பாக்டீரியாக்களும் வாழ்கின்றன. சோலையை அப்படியே விட்டுவைப்பதே நாம் செய்யக்கூடிய உதவி.

அப்படியானால் மாட்டைக் குறைக்கச் சொல்கிறீர்களா?

இல்லை. மாடு தின்னும் தீனியின் சக்தியில் ஒரு பங்கு, பொதுவாக ஆறு முதல் பத்து சதவீதம்வரை, மீத்தேனாக வீணாகிறது. அதைப் பாலாக்க முடியுமா என்பதே கேள்வி. பெங்களூருவில் உள்ள மத்திய அரசின் கால்நடை ஊட்டச்சத்து ஆய்வு நிறுவனம், துவர்ப்புப் பொருள் நிறைந்த தாவரங்களை வைத்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையை உருவாக்கியிருக்கிறது. மீத்தேன் 17 முதல் 20 சதவீதம்வரை குறையும் என்கிறார்கள். இதே நோக்கில் ஆஸ்திரேலியாவில் ஒரு சிவப்புக் கடற்பாசியைச் சோதித்துப் பார்த்தார்கள். இவை எல்லாம் பண்ணைகளுக்குச் சரி. ஒற்றை மாட்டுக்காரருக்கு வெறும் வைக்கோலோடு பசுந்தீவனமும் தாது உப்பும் சேர்த்துக் கொடுப்பதே முதல் படி. ஒரு லிட்டர் பாலுக்கு ஆகும் மீத்தேன் அதிலேயே குறையும், பாலும் கூடும்.

நெல்லுக்குத் தண்ணீர் நிற்க வேண்டாமா?

எந்நேரமும் நிற்க வேண்டியதில்லை. வால்பாறையில் பெய்யும் மழை பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம் (பிஏபி) வழியாகச் சமவெளிக்கு இறங்குகிறது. நாற்பது கொண்டை ஊசி வளைவுகளுக்குக் கீழே ஆனைமலைப் பக்கம் ஆழியாறு பழைய ஆயக்கட்டு 6,400 ஏக்கர். தென்னை சூழ்ந்த பொள்ளாச்சி வட்டாரத்தில் நெல் நிலைத்திருக்கும் இடம் அது. அங்கே சொல்ல வேண்டியது, வேளாண் துறை பல காலமாகச் சொல்லிவரும் 'காய்ச்சலும் பாய்ச்சலும்' முறை.

துளையிட்ட ஒரு பிவிசி குழாயை வயலில் புதைத்து, உள்ளே இருக்கும் மண்ணை எடுத்துவிட வேண்டும். குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே 15 சென்டிமீட்டர்வரை இறங்கியதும் மறுபடி பாய்ச்ச வேண்டும். பூக்கும் சமயத்தில் மட்டும் தண்ணீர் குறையக்கூடாது. மண்ணுக்குள் காற்று போனதும் அந்த நுண்ணுயிரிகள் அடங்கிவிடும். மீத்தேன் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதிவரை குறைவதாகப் பல நாட்டு ஆய்வுகள் காட்டுகின்றன. சரியாகச் செய்தால் விளைச்சல் விழாது. களை கூடும், நைட்ரஸ் ஆக்சைடு என்ற இன்னொரு வெப்ப வாயு கொஞ்சம் ஏறும் என்பதையும் மறைக்கக் கூடாது. அதனால் யூரியாவைப் பிரித்துப் போட வேண்டும்.

ஒரே சிக்கல், முறைப்பாசனத்தில் தண்ணீர் எப்போது வரும் என்பது விவசாயி கையில் இல்லை. 'அடுத்த முறை வராவிட்டால்?' என்ற பயம் உள்ளவரை மடை திறந்தபோது தேக்கித்தான் வைப்பார். அதற்குக் குழாய் கொடுத்தால் மட்டும் போதாது, தண்ணீர் அட்டவணையையும் நம்பும்படி கொடுக்க வேண்டும்.

'நெல்லில் மீத்தேனைக் குறைத்தால் கார்பன் கிரெடிட் பணம் வரும், கையெழுத்துப் போடுங்கள்' என்கிறார்களே?

ஒப்பந்தத்தைத் தமிழில் எழுதித் தரச் சொல்லுங்கள். உலக அளவில் கார்பன் கிரெடிட்டுகளுக்குச் சான்றளிக்கும் வெர்ரா என்ற அமைப்பு, சீனாவின் 37 நெல் திட்டங்களை 2024-இல் நிராகரித்தது. முன்பணம் கேட்டால் அப்படியே எழுந்து வந்துவிடுங்கள்.

சாண எரிவாயுவை எரித்தாலும் கார்பன் டை ஆக்சைடுதானே?

ஆமாம். ஆனால் மீத்தேனாகவே தப்பவிடுவதைவிட அது எவ்வளவோ மேல். கலனில் கசிவு இருந்தால்தான் நோக்கமே கெடும். ஒரு கன மீட்டர் வாயுவுக்கு சுமார் 25 கிலோ சாணம் வேண்டும். ஒரு மாடு ஒரு நாளைக்குப் போடுவது பத்து கிலோ அளவில். ஆகவே இரண்டு மாடு வைத்திருப்பவர் தனியாகக் கட்டுவதைவிட நாலைந்து வீடு சேர்ந்து கட்டுவதே கட்டுபடியாகும். மலைக்குளிரில் வாயு குறையும், அதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

எங்கே தொடங்குவது?

என் கட்சி, குப்பையில். 2024 ஏப்ரலில் கோவை வெள்ளலூர் குப்பைக்கிடங்கில் பிடித்த தீ பல நாள் அணையவில்லை. குவியலுக்குள் உருவாகும் மீத்தேன் இப்படிப்பட்ட தீக்குத் தீனி. காய்கறிக் கழிவும் மீந்த சோறும் பிளாஸ்டிக்கோடு கலந்து குவிந்தால் எந்த ஊர்க் கிடங்கும் வெள்ளலூர்தான். வால்பாறையில் கூடுதலாகப் பன்றியும் கரடியும் தேடி வரும். ஈரக்கழிவைப் பிரித்துக் கொடுத்து, அதைக் காற்றுப்பட மக்கவைத்தால் செலவும் அதிகமில்லை, யார் பிழைப்பும் கெடாது.

தொழுவம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வேலை: ஜூன் மழை பிடிப்பதற்குள் எருக்குழிக்கு மேலே ஒரு தகரக் கூரை போட்டுவிடுங்கள். தண்ணீர் தேங்காத குழியில் மீத்தேன் குறையும், எருவின் சத்தும் மழையோடு ஓடாது.