செல்லத்துக்கு ஊசி, பிள்ளைக்குப் பாதுகாப்பு

திருப்பூரில் பெற்றோர் பனியன் கம்பெனி ஷிப்ட்டுக்குக் கிளம்பிவிட்டால், லைன் வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணை நாயும் பூனையும்தான். லேசாகக் கடித்தாலும் பிறாண்டினாலும், திட்டு விழும் என்று பிள்ளைகள் சொல்வதில்லை. ஆபத்து அங்கேதான். நோயுள்ள தெருநாய் கடித்தால் நம் செல்லத்துக்கும் ரேபிஸ் வரும். மனிதருக்கு அறிகுறி தெரிந்தபின் பிழைப்பது மிக அரிது. ஆனால், தடுப்பூசியால் தடுத்துவிடலாம்.

குட்டிக்கு 3 மாதம் ஆனதும் முதல் ஊசி. பிறகு கால்நடை மருத்துவர் சொல்லும் தேதிகளில் தவறாமல் போடணும். வீட்டைத் தாண்டாத பூனைக்கும்தான். அரசு கால்நடை மருந்தகத்துக்குக் கூட்டிட்டுப் போங்க.

கடிபட்டால் காயத்தை ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவுங்க. மஞ்சள், சுண்ணாம்பு வேண்டாம். உடனே அரசு மருத்துவமனைக்குப் போங்க. ‘நாய்க்குத்தான் ஊசி போட்டாச்சே’ என்று இருந்துவிடாதீங்க.