இன்னொரு எழுத்தும் படிக்கலாம்

நீங்கள் இப்போது தமிழ் படிக்கிறீர்கள். சுவரொட்டியில், கோயில் பலகையில், காலண்டரில் தமிழ் எழுத்தைக் கண்டால் நின்று படிக்கிறீர்கள். ஆனால் காக்ஸ் டவுனில் குடியிருக்கும் நம் கண்ணில் தமிழ் எழுத்து மட்டும் படுவதில்லை. மார்க்கெட் பக்கம் போனால் கடைப் பலகையில் கன்னடம் இருக்கிறது. பக்கத்திலேயே ஆங்கிலமும் இருக்கிறது.

நம் பகுதியின் பெயரையே பாருங்கள். பெங்களூர் தண்டுப் பகுதியில் கலெக்டராக இருந்த ஓர் ஆங்கிலேயரின் பெயர் காக்ஸ். அவர் பெயரால் வந்தது காக்ஸ் டவுன். பிற்காலத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் பெயரால் சர்வக்ஞ நகர் என்ற பெயரும் வந்தது. இங்கே தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகிறோம். ஒரே தெருவில் மூன்று மொழிகள் இருக்கின்றன.

படிப்பு வட்டத்தில் பலரும் ஒரு கேள்வி கேட்கிறார்கள். "தமிழையே இந்த வயதில்தான் படித்தோம். ஆங்கிலமும் நமக்கு வருமா?"

வரும். ஓர் எழுத்தைப் படித்தவருக்கு இன்னோர் எழுத்தைப் படிப்பது முன்னைவிட எளிது. அது எப்படி என்று பார்ப்போம். நம்மைவிடக் கடினமான வழியில் ஆங்கிலம் படிக்கிற சீன மாணவர்களைப் பற்றியும் தெரிந்து கொள்வோம்.

எதற்கு ஆங்கில எழுத்து?

முதலாவது, மருந்து. மாத்திரை அட்டையில் பெயரும் தேதியும் ஆங்கிலத்தில் இருக்கின்றன. காலம் கடந்த மாத்திரையா, நல்ல மாத்திரையா என்று பார்க்க அந்த எழுத்து தெரிய வேண்டும்.

இரண்டாவது, பிள்ளைகளின் நோட்டு. டீச்சர் நோட்டில் ஏதோ எழுதி அனுப்புகிறார். பிள்ளை நன்றாகப் படிக்கிறது என்று எழுதினாரா? பள்ளிக்கு வரச் சொல்லி எழுதினாரா? பிள்ளையையே கேட்க வேண்டியிருக்கிறது.

மூன்றாவது, கையெழுத்து. எங்கள் வட்டத்துக்கு வரும் ஓர் அக்கா வீட்டு வேலை செய்கிறார். அவர் ஓரிடத்தில் கடன் வாங்கினார். நான்கு தாளில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். கைநாட்டு வைக்காமல் தமிழில் பெயர் எழுதினார். அதில் அவருக்குப் பெருமை. ஆனால் தாளில் இருந்தது எல்லாம் ஆங்கிலம். வட்டி எவ்வளவு என்று அவருக்குத் தெரியாது. ஒரு தவணை தள்ளிப் போனால் எவ்வளவு கூடும் என்பதும் தெரியாது. மூன்றாம் மாதம்தான் தெரிந்தது.

இங்கே ஒரு விஷயத்தை நினைவில் வையுங்கள். கடன் கொடுக்கும் நிதி நிறுவனங்கள், கடன் விவரங்களை வாங்குகிறவருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். இது ரிசர்வ் வங்கியின் விதி. "எனக்குப் புரியும் மொழியில் கொடுங்கள், படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன்" என்று கேட்பது உங்கள் உரிமை. கேட்டு வாங்குங்கள். அதோடு ஆங்கில எழுத்தையும் கொஞ்சம் தெரிந்து வைத்துக் கொள்ளுங்கள். அப்போது யாரும் உங்களை அவசரப்படுத்த முடியாது.

சீன எழுத்து எப்படிப்பட்டது?

தமிழில் மொத்தம் 247 எழுத்துகள். அவற்றைப் படித்தால் எந்தத் தமிழ்ச் சொல்லையும் எழுத்துக் கூட்டிப் படிக்கலாம்.

சீன மொழி அப்படி இல்லை. அதில் அ, ஆ என்ற எழுத்து வரிசை கிடையாது. ஒவ்வொரு எழுத்தும் ஓர் உருவம். மலைக்கு ஓர் உருவம், தண்ணீருக்கு ஓர் உருவம், மனிதனுக்கு ஓர் உருவம். ஒவ்வொன்றையும் பார்த்து, எழுதி, மனதில் வைக்க வேண்டும்.

சீனாவிலும் பெரியவர்களுக்கான எழுத்தறிவு இயக்கம் நடந்தது. யாரைப் படித்தவர் என்று கணக்கில் எடுப்பது? அதற்கு 1950களில் ஓர் அளவு வைத்தார்கள். விவசாயிக்கு 1500 எழுத்துகள் தெரிய வேண்டும். தொழிலாளிக்கு 2000 எழுத்துகள் தெரிய வேண்டும். யோசித்துப் பாருங்கள். நாம் 247 எழுத்து படித்தோம். வயலில் வேலை செய்துவிட்டு வந்து அவர்கள் 1500 எழுத்து படித்தார்கள்.

பாலம் போட்டார்கள்

இத்தனை உருவங்களையும் எப்படி உச்சரிப்பது என்று கற்றுக் கொடுக்க ஒரு வழி வேண்டியிருந்தது. அதற்கு 1958இல் ஒரு முறை வந்தது. அதன் பெயர் பின்யின். சீனச் சொல்லின் சத்தத்தை ஆங்கில எழுத்தால் எழுதிக் காட்டுவதுதான் பின்யின். இதை உருவாக்கிய குழுவில் முக்கியமானவர் சோ யூகுவாங். அவர் முதலில் வங்கியில் வேலை பார்த்தவர், பொருளாதாரம் கற்பித்தவர். 1906இல் பிறந்த அவர் 111 வயது வாழ்ந்து 2017இல் இறந்தார்.

இன்று சீனக் குழந்தைகள் முதல் வகுப்பிலேயே பின்யின் படிக்கிறார்கள். போனில் சீன மொழியில் செய்தி அனுப்பவும் பலர் பின்யின்தான் தட்டுகிறார்கள். 2001இல் சீன அரசு, தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பிலிருந்து ஆங்கிலம் கற்பிக்க முடிவு செய்தது. அந்தப் பாடம் தொடங்கும்போது குழந்தைகளுக்கு எழுத்தின் வடிவம் ஏற்கனவே தெரியும். தெரிந்த சொல்லை எழுதிப் பழகிய எழுத்தால், தெரியாத மொழியைப் படிக்கிறார்கள்.

நமக்கும் அப்படி ஒரு பாலம் உண்டா? உண்டு. உங்கள் பிள்ளைகள் போனில் செய்தி அனுப்புவதைப் பாருங்கள். "அம்மா சாப்பிட்டியா" என்ற தமிழையே ஆங்கில எழுத்தில் தட்டுகிறார்கள். அதுதான் நம் பாலம்.

அவர்களுக்கு எது கடினம்? நமக்கு எது கடினம்?

சீன மொழியில் வினைச்சொல் காலத்துக்கு ஏற்ப உருவம் மாறாது. நாம் வந்தேன், வருகிறேன், வருவேன் என்கிறோம். அவர்களுக்கு வேர்ச்சொல் ஒன்றுதான். நேற்று, நாளை போன்ற சொற்களோடு சேர்த்துக் காலத்தைச் சொல்வார்கள். அதனால் ஆங்கிலம் எழுதும்போது "நேற்று நான் போகிறேன்" என்பது போல எழுதிவிடுவார்கள். காலத்துக்கு ஏற்ப வினை மாறுவது நமக்குப் பழக்கம். இதில் நமக்குச் சுலபம்.

ஆனால் சொல் வரிசையில் அவர்களுக்குச் சுலபம். நாம் "நான் சோறு சாப்பிடுகிறேன்" என்கிறோம். சீன மொழியிலும் ஆங்கிலத்திலும் "நான் சாப்பிடுகிறேன் சோறு" என்ற வரிசை வரும். நாம் வினையைக் கடைசியில் வைத்துப் பழகியவர்கள். ஆங்கிலத்தில் அதை நடுவில் கொண்டுவர வேண்டும்.

ஆங்கிலத்தில் இன்னொரு தொல்லை உண்டு. எழுதுவது ஒன்று, படிப்பது ஒன்றாக இருக்கும். கத்திக்கு ஆங்கிலத்தில் நைஃப் என்பார்கள். எழுதும்போது முதலில் 'கே' என்ற எழுத்தை எழுதுவார்கள். படிக்கும்போது அதை விட்டுவிடுவார்கள். இந்த மாதிரிச் சொற்களைக் கூட்டிப் படித்தால் வராது. முழுச் சொல்லையும் ஒரு படம் போலப் பார்த்து வைத்துக் கொள்ள வேண்டும். ஆயிரக்கணக்கான உருவங்களை நினைவில் வைத்த சீன மாணவர்களுக்கு இது பழகிய வேலை. இதை நாம் அவர்களிடமிருந்து கற்றுக் கொள்ளலாம்.

120 சிறுவர்களின் கதை

சீனாவில் யுங் விங் என்று ஒருவர் இருந்தார். அவர் அமெரிக்கா போய்ப் படித்து, 1854இல் யேல் கல்லூரியில் பட்டம் பெற்றார். தன் நாட்டுப் பிள்ளைகளும் இப்படிப் படிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டார். பல வருடம் அரசாங்கத்திடம் கேட்டார். கடைசியில் சம்மதம் கிடைத்தது.

1872 முதல் 1875 வரை ஒவ்வொரு வருடமும் 30 சிறுவர்கள் கப்பல் ஏறினார்கள். மொத்தம் 120 பேர். அமெரிக்காவில் இரண்டிரண்டு பேராகவோ சிலராகவோ அங்குள்ள குடும்பங்களில் தங்கினார்கள். சாப்பாட்டு மேசையில் கேட்ட சொல், கடைக்குப் போகும்போது கேட்ட சொல் என்று தினமும் வேண்டிய சொற்களிலிருந்து ஆங்கிலம் படித்தார்கள். பிறகு பள்ளிக்கும் கல்லூரிக்கும் போனார்கள்.

அவர்கள் சீன எழுத்தை விட்டுவிடவில்லை. ஹார்ட்ஃபோர்டு என்ற ஊரில் அவர்களுக்கு ஒரு தலைமை வீடு இருந்தது. அங்கே சீன ஆசிரியர்களிடம் தங்கள் மொழியையும் படித்தார்கள். ஆனாலும் பிள்ளைகள் தம் நாட்டு வழக்கத்தை மறக்கிறார்கள் என்று சில அதிகாரிகள் குறை சொன்னார்கள். 1881இல் எல்லோரையும் திரும்ப அழைத்துக் கொண்டார்கள். பலருக்குப் படிப்பு பாதியில் நின்றது.

அவர்களில் ஒருவர் ஜான் தியன்யோ. சிறுவனாகக் கப்பல் ஏறியவர். திரும்பி வருவதற்குள் பட்டம் வாங்கிவிட்டார். பெய்ஜிங்கிலிருந்து ஜாங்ஜியாகோ வரை மலைகள் வழியாக ரயில் பாதை போட்டார். வேலை 1905இல் தொடங்கி 1909இல் முடிந்தது. வெளிநாட்டு எஞ்சினியர்கள் இல்லாமல் சீனர்களே போட்ட பாதை அது. ஆங்கிலத்தில் படித்ததைத் தன் மக்களுக்காகப் பயன்படுத்தினார்.

நாம் எப்படித் தொடங்கலாம்?

ஆங்கிலத்தில் 26 எழுத்துகள்தான். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்று இரண்டு வடிவம் உண்டு. இரண்டையும் சேர்த்தால் 52. நீங்கள் 247 எழுத்தைக் கற்றவர்கள்.

முதல் படி, உங்கள் பெயர். உங்கள் ஆதார் அட்டையை எடுங்கள். அதில் உங்கள் பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். கமலா என்ற பெயரை எடுத்துக் கொள்வோம். தமிழில் மூன்று எழுத்து. ஆங்கிலத்தில் ஆறு எழுத்து: கே, ஏ, எம், ஏ, எல், ஏ. ஏன் ஆறு? க் என்ற மெய்யும் அ என்ற உயிரும் சேர்ந்தால் க என்று படித்தீர்கள் அல்லவா? ஆங்கிலத்தில் அந்த இரண்டையும் தனித்தனியாக எழுதுவார்கள். அவ்வளவுதான். வீட்டில் உள்ள எல்லோருடைய பெயரையும் இப்படி எழுதிப் பாருங்கள். பாதிக்கு மேற்பட்ட எழுத்துகள் அதிலேயே வந்துவிடும்.

இரண்டாம் படி, ஜோடி எழுத்துகள். தமிழில் 'ப' ஒன்றுதான். பணம் என்றாலும் பஸ் என்றாலும் அதே எழுத்து. ஆனால் வாயில் வரும் சத்தம் வேறு. ஆங்கிலத்தில் இவற்றுக்கு இரண்டு எழுத்துகள். ஒரு நேர்கோடு, அதன் வலப் பக்கம் மேலே மட்டும் ஒரு வயிறு இருந்தால் அது பணத்துக்கான எழுத்து. மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு வயிறு இருந்தால் அது பஸ்ஸுக்கான எழுத்து. கடை, காந்தி என்ற சொற்களின் முதல் எழுத்தும் இப்படி ஒரு ஜோடி. டீ, டாக்டர் இன்னொரு ஜோடி. தொண்டரைக் கரும்பலகையில் எழுதிக் காட்டச் சொல்லுங்கள்.

மூன்றாம் படி, தேவையான சொற்கள். படிவங்களில் நேம் என்றால் பெயர். டேட் என்றால் தேதி. அட்ரஸ் என்றால் முகவரி. அமௌன்ட் என்றால் தொகை. சிக்னேச்சர் என்றால் கையெழுத்து. இந்த ஐந்தையும் படம் போலப் பார்த்து வையுங்கள். ஒவ்வொன்றையும் பத்து முறை பார்த்து எழுதுங்கள்.

நான்காம் படி, வாய்விட்டுப் படிப்பது. சீனப் பள்ளிகளில் காலையில் வகுப்பு தொடங்கும் முன் பிள்ளைகள் பாடத்தை உரக்கப் படிப்பார்கள். நீங்களும் தினம் பத்து நிமிடம் படியுங்கள். பிள்ளையின் ஒன்றாம் வகுப்பு ஆங்கிலப் புத்தகம் போதும். பிள்ளையோடு உட்கார்ந்து படியுங்கள். பிள்ளை சொல்லிக் கொடுத்தால் வெட்கப்படாதீர்கள்.

கன்னடமும் தமிழும்

கன்னட எழுத்தையும் விடக் கூடாது. அரசு அலுவலகத் தாள்கள் அதில்தான் வருகின்றன. கன்னடம் நமக்குப் பேச வரும். அதன் எழுத்தும் தமிழ் போலவே அ, ஆ, இ, ஈ என்று தொடங்கும். மெய்யும் உயிரும் சேர்ந்து எழுத்து ஆகும். அல்சூர் ஏரிக் கரையில் 2009இல் திருவள்ளுவர் சிலையைத் திறந்தார்கள். அதே மாதம் சென்னை அயனாவரத்தில் சர்வக்ஞர் சிலையைத் திறந்தார்கள். இரண்டு மொழியும் படித்தவருக்கு இருவரும் சொந்தம்.

தமிழ் படிப்பதையும் நிறுத்தாதீர்கள். படிக்காமல் விட்டால் கற்ற எழுத்து மறந்து போகும். புது எழுத்தைப் படிக்கும்போது அதன் பொருளைப் பக்கத்தில் தமிழில் எழுதி வையுங்கள். இரண்டும் வளரும்.

இன்றைய வேலை

வீட்டில் இருக்கும் ஒரு மாத்திரை அட்டையை எடுங்கள். அதில் இ, எக்ஸ், பி என்ற மூன்று எழுத்துகளைத் தேடுங்கள். கடைசி எழுத்து, மேலே ஒரு வயிறு உள்ள எழுத்து. அதன் பக்கத்தில் மாதமும் வருடமும் இருக்கும். அந்த மாதம் முடியும் வரைதான் அந்த மருந்தைச் சாப்பிடலாம். அந்த மாதம் முடிந்திருந்தால் மாத்திரையைச் சாப்பிடாதீர்கள். அட்டையைக் கிழிக்கும்போதும் தேதி உள்ள பக்கத்தைக் கடைசி வரை வைத்திருங்கள்.

அந்தத் தேதியை நோட்டில் எழுதுங்கள். கீழே உங்கள் பெயரைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். அடுத்த வகுப்புக்கு வரும்போது நோட்டைக் கொண்டு வாருங்கள்.