ஓடைக்கரைப் புதரை வழிக்காதீங்க

ரெண்டு சால் கூடுதலா உழலாம்னு ஓடைக்கரை நொச்சியையும் நாணலையும் பொக்லைன் வைத்து வழித்துவிடுகிறோம். பெருமழையில் கரை இடிந்து அந்த ரெண்டு சாலும் போகும். ஊத்தங்கரைப் பக்கம் அந்த மண் பாம்பாறு அணையில் போய்ப் படியும்.

கரைப்புல் தண்ணீரின் வேகத்தைக் குறைப்பதால் மண் அங்கேயே தங்கும். கரைந்துவரும் தழைச்சத்தை வேர் உறிஞ்சிக்கொள்ளும். புங்கன், நீர்மருது நிழலில் தண்ணீர் சூடாகாது. குளிர்ந்த நீரில்தான் உயிர்வளி கூடுதலாக நிற்கும், மீன் பிழைக்கும். அங்கே பெருகும் தவளையும் தட்டானும் நம்ம வயல் பூச்சியைத் தின்னும்.

ஓசூர் கெலவரப்பள்ளி அணையில் பொங்குகிற நுரையை இந்தப் புதர் தடுக்காது. அந்தக் கழிவைச் சுத்திகரித்துத்தான் விடணும். வயலிலிருந்து வருவதை நாம் குறைக்கலாம். கரையோரம் பத்தடியாவது விடுங்க, சரிவு அதிகமென்றால் இன்னும் அகலமா. வெறுங்கரையா இருந்தால் மழைக்காலத் தொடக்கத்தில் நொச்சிப் போத்து ஊன்றுங்க, ஆடு மேயாது.